எச்சில் கிட் சொன்ன ‘மூளை வயது’

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் டெலோமியர் நீளத்தை அளந்து மூளைக்கு எவ்வளவு வயதாகியிருக்கிறது என்று சொல்லிவிடுவோம் என்றார்கள், நானும் நம்பி வாங்கினேன். பெயர் வேண்டாம். துப்புவதில் சிரமம் ஒன்றும் இல்லை, ரிப்போர்ட்தான் பிரச்சினை.

உமிழ்நீரில் வருவது வெள்ளையணுக்களும் வாயின் உட்புறத் தோல் செல்களும். மூளை செல் அதில் எங்கே இருக்கிறது? டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி, செல் பிரியும்போதெல்லாம் கொஞ்சம் தேயும். மூளையின் நரம்பு செல்களான நியூரான்களோ பெரும்பாலும் பிரிவதே இல்லை, அப்புறம் எந்தக் கணக்கில் என் மூளைக்கு வயது போட்டார்களோ.

மன அழுத்தம் பற்றிய பக்கம் மட்டும் பரவாயில்லை. நாள்பட்ட நோயுள்ள குழந்தையைப் பல ஆண்டுகள் கவனித்த தாய்மார்களின் வெள்ளையணுக்களில் டெலோமியர் குட்டையாக இருந்ததை ஆய்வாளர்கள் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் குழு 2004-இல் காட்டியது, அதை ரிப்போர்ட்டில் ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே கிட் விற்கிறவர்கள் தங்களுடைய மாத்திரையை வாங்கச் சொல்கிறார்கள், சிரிப்புதான் வந்தது.

உடற்பயிற்சிக்கு இரண்டே வரி! 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டு, வாரம் மூன்று நாள் நடைப்பயிற்சி செய்தார்கள், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பெரிதானது, ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. இதை எழுதினால் மாத்திரை விற்காது போல.

ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அதுவும் பார்சல் சீக்கிரம் வந்ததற்காக.