உளவியல் சொல்லுக்கு விளக்கம்: ஒற்றை வரியா, கதையா, பட்டியலா?

உளவியல் சொல்லைப் பொது வாசகருக்கு விளக்க அகராதி பாணியில் ஒற்றை வரி எழுதலாம், கதையாகச் சொல்லலாம், அறிகுறிகளைப் பட்டியலிடலாம், பக்கத்துச் சொல்லோடு ஒப்பிட்டுப் பிரித்துக் காட்டலாம். எது பொருந்தும் என்பது சொல்லைப் பொறுத்தது.

'காக்னிட்டிவ் டிஸொனன்ஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று ஒவ்வாத எண்ணங்களால் எழும் மன நெருடல் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். தப்பில்லை. ஆனால் படிப்பவர் "சரி, அதனால் என்ன?" என்பார். அதையே கதையாகச் சொன்னால்? 1959இல் உளவியலாளர்கள் ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்ட சோதனையில், மாணவர்கள் பலகையில் இருந்த 48 முளைகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சரியான அலுப்பு. அப்புறம் அடுத்து வருபவரிடம் "சுவாரஸ்யமான வேலை" என்று பொய் சொல்ல வேண்டும். அதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். பிறகு கேட்டால், வேலை நன்றாக இருந்தது என்று கூடுதலாக மதிப்பிட்டவர்கள் 1 டாலர் வாங்கியவர்களே! 20 டாலர்காரருக்குப் பொய்க்குக் காரணம் கையிலேயே இருந்தது. மற்றவருக்கு அது இல்லை. அதனால் கருத்தையே மாற்றிக்கொண்டார் என்பது ஃபெஸ்டிங்கரின் விளக்கம். இதைப் படித்த பிறகு அந்த ஒற்றை வரியைப் போட்டால் நிற்கும். முன்னால் போட்டால் வீண்.

நோய்ப் பெயர்களுக்கு மட்டும் கதையை நான் நம்பமாட்டேன். மனச்சோர்வுக்கு அழுதுகொண்டே இருப்பவரைக் காட்டினால், எதிலும் ஆர்வமற்றுப்போய் எந்நேரமும் தூங்குபவர் "இது நானில்லை" என்று நகர்ந்துவிடுவார். இங்கே பட்டியல்தான் நேர்மையானது. மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இன்படி 9 அறிகுறிகளில் குறைந்தது 5, இரண்டு வாரம் நீடிக்க வேண்டும்; சோர்ந்த மனநிலை, ஆர்வமின்மை இரண்டில் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். பலர் அறிகுறிகளை மட்டும் எழுதி, கால அளவையும் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுவதையும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒரு நாள் சரியாகத் தூங்காதவரும் தனக்கு அந்த நோய் என்று டிக் போடுகிறார்.

ஏற்கெனவே தப்பாகப் புழங்கும் சொல்லுக்கு, பிரித்துக் காட்டுவதை மிஞ்ச எதுவும் இல்லை. 'எதிர்மறை வலுவூட்டல்' என்றதும் பலரும் தண்டனை என்றே நினைக்கிறார்கள். தண்டனை ஒரு பழக்கத்தைக் குறைக்கிறது, இதுவோ வளர்க்கிறது. பேசப் பயந்து ஒரு போன் காலை எடுக்காமல் விடுகிறீர்கள். மணி நின்றதும் அப்பாடா என்றிருக்கிறது. அந்த நிம்மதிதான் அடுத்த போன் காலையும் தவிர்க்க வைக்கிறது. இங்கே 'எதிர்மறை' என்பது தொல்லை நீங்குவதைக் குறிக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பக்கத்துச் சொல்லும் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓசிடி என்ற மனநோயை எடுத்த எடுப்பிலேயே ஓசிபிடி என்ற ஆளுமைக் கோளாறோடு ஒப்பிட்டால் ஒரு குழப்பம் இரண்டாகும். முதலில் ஓசிடி என்றால் வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து தொல்லை செய்வதும், அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் என்று நிறுத்திக்கொள்ளலாம். எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்பதையே தன் இயல்பாகக் கொண்டவரின் ஓசிபிடி அடுத்த பத்தியில் வரட்டும்.