ட்ரையர் சத்தம்: கத்தும் பாகத்தை மட்டும் மாற்றுவதா, செட்டாகவே மாற்றுவதா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் பேஸ்மென்டில் நிற்கும் ட்ரையர், வயது ஏறியதும் சத்தம் போட ஆரம்பிக்கும். துணி காய்கிறது, சூடு வருகிறது, சத்தம்தான் பொறுக்கவில்லை. இந்த நிலையில் நான்கு வழிகள் உண்டு. எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம். கத்துகிற பாகத்தை மட்டும் மாற்றலாம். தேயக்கூடிய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செட்டாக மாற்றலாம். மெஷினையே மாற்றலாம். என் ஓட்டு செட்டுக்கு. எண்ணெயும் புது மெஷினும் இந்தப் போட்டியில் அரையிறுதிக்கே வருவதில்லை.

இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் வேர்ல்பூல் 29 அங்குல மாடலைப் பற்றி. பிசிறு பிடிக்கும் வடிகட்டி மேல்தகட்டில் இருந்து உருவுகிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். பெயர்ப்பலகையில் கென்மோர் என்று இருந்தாலும், மாடல் எண் 110 என்று தொடங்கினால் உள்ளே இருப்பது வேர்ல்பூல். 2006-இல் மேடேக்கையும் வேர்ல்பூல் வாங்கிவிட்டதால், அதற்குப் பின் வந்த மேடேக் ட்ரையர்கள் பலவற்றிலும் இதே பாகங்கள்தான்.

முதலில் காது

ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் காசில்லாத விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். மெஷினின் நான்கு காலும் தரையில் சமமாக நிற்கிறதா, மேலே வைத்த சோப்பு டப்பா அதிர்கிறதா, வெளிச்சுவரில் இருக்கும் வென்ட் மூடி காற்றில் அடித்துக்கொள்கிறதா, டிரம் ஓட்டைகளில் பிரா கம்பி ஏதாவது மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் டிக் டிக் என்கிறதா என்று.

இவை எதுவும் இல்லையென்றால் சத்தத்தின் தாளத்தை எண்ண வேண்டும். டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அதே தாளத்தில் நொடிக்கொரு முறை 'தொம்... தொம்...' என்று வந்தால் தப்பு டிரம்மோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்றில் இருக்கிறது: பெல்ட்டில் ஒரு பிய்ந்த இடம், டிரம் விளிம்பில் ஒரு நெளிவு, கழன்று தொங்கும் ஃபெல்ட் (டிரம் ஓரத்துக் கம்பளிப் பட்டை). டிரம்மைத் தாங்கும் ரோலர் சுமார் 3 அங்குல விட்டம் என்பதால் டிரம் ஒரு முறை சுற்றுவதற்குள் அது ஒன்பது முறை சுற்றிவிடும். ஆகவே ரோலர் தேய்ந்தால் தனித்தனி அடி கேட்காது. 'தடதடதட' என்று லாரி உருளுகிற மாதிரி இருக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற மெஷினில் இந்தத் தடதடப்பு முதல் சில நிமிடம் இருந்து, சூடேறியதும் மறைந்தால் கவலை வேண்டாம். ரப்பர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகி இருந்திருக்கும்.

'கிறீச்' என்று தொடர்ந்து கத்தினால் முதல் சந்தேகம் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரமான ஐட்லர் புல்லி மீது, அடுத்தது ரோலர் புஷ் (அச்சு நுழையும் நடுத்துளை) மீது. இரும்பு இரும்போடு உரசுகிற 'கரகர' வந்தால் முன்பக்கம் டிரம் தங்கும் ஃபெல்ட்டும் பிளாஸ்டிக் பட்டையும் தேய்ந்து டிரம் தகட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். இதைத் தள்ளிப்போட்டால் டிரம்மே அறுபடும். ஆழமான உறுமலோடு மெஷின் முழுக்க அதிர்ந்தால் புளோயர் விசிறி: நடுக்குழி தேய்ந்து மோட்டார் தண்டில் ஆடுகிறது, அல்லது சில்லறைக் காசோ பொத்தானோ உள்ளே விழுந்திருக்கிறது.

எண்ணெய்

ரோலரில் எண்ணெய் விட்டால் கிறீச் உடனே நிற்கும். அதுதான் அதன் ஆபத்தும். மெல்லிய ஸ்பிரே எண்ணெய்கள் புஷ்ஷில் மிச்சமிருக்கும் பழைய மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு அந்த ஈரத்தில் பஞ்சுப் பிசிறு ஒட்டி உப்புத்தாள் மாதிரி அச்சை அறுக்கும். சில வாரம் அமைதி, அப்புறம் முன்பைவிடப் பெரிய சத்தம். அதோடு, சூடும் பிசிறும் சேர்ந்திருக்கும் பெட்டிக்குள் எண்ணெய் தெளிப்பது நல்ல யோசனையே அல்ல.

ஒன்றா, செட்டா

கத்துகிற ரோலர் ஒன்றை மட்டும் வாங்கினால் சில டாலர்களோடு முடியும். 4392065 என்ற எண்ணில் கிடைக்கும் வேர்ல்பூல் செட்டில் இரண்டு ரோலர், ஒரு ஐட்லர் புல்லி, ஒரு பெல்ட், ரோலரைப் பிடித்து வைக்கும் முக்கோண கிளிப்புகள் எல்லாம் வரும். விலை சில மடங்கு. பில்லை மட்டும் பார்த்தால் ஒற்றைப் பாகம்தான் ஜெயிக்கும்.

ஆனால் இங்கே செலவு பாகத்தில் இல்லை, திறப்பதில் இருக்கிறது. ரோலர் இருப்பது டிரம்முக்குப் பின்னால். அங்கே போக என்னென்ன செய்யவேண்டும் என்று பாருங்கள்.

பிளக்கைப் பிடுங்க வேண்டும். மின்சார ட்ரையர் என்றால் அது 240 வோல்ட், 30 ஆம்பியர். கேஸ் ட்ரையர் என்றால் வால்வையும் மூட வேண்டும். வடிகட்டியை உருவினால் அதன் வாயருகே இரண்டு ஸ்குரூ தெரியும்; கழற்றுங்கள். மேல்தகட்டின் முன்விளிம்பில், இரண்டு மூலைகளில் இருந்தும் சுமார் 2 அங்குலம் உள்ளே தள்ளி ஒரு பட்டைக்கத்தியை நுழைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் கிளிப் விடும். மேல்தகட்டைக் கார் பானெட் மாதிரித் தூக்கிச் சுவரில் சாய்க்கலாம். கதவு சுவிட்ச் வயரைக் கழற்றி, முன்தகட்டை உள்ளிருந்து பிடித்திருக்கும் 5/16 அங்குல ஸ்குரூ இரண்டையும் எடுத்தால் முன்தகடு மேலே தூக்கி வெளியே வரும். டிரம்மின் முன்பக்கத்தைத் தாங்குவது இந்த முன்தகடுதான். அதனால் அதை எடுக்கும்போது ஒரு கையால் டிரம்மைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது அடியில் ஒரு மரக்கட்டை கொடுங்கள். தகட்டு விளிம்புகள் எல்லாம் பிளேடு மாதிரி, கையுறை கட்டாயம்.

அடுத்து பெல்ட். அது ஐட்லரிலும் மோட்டார் புல்லியிலும் எப்படி வளைந்து போகிறது என்று முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐட்லரை மோட்டார் பக்கம் தள்ளினால் பெல்ட் தளரும். பெல்ட் கழன்றதும் ஐட்லர் கை சரிந்து விழுந்துவிடும். எதையோ உடைத்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். அதை இடத்தில் நிறுத்துவதே பெல்ட்டின் இழுப்புதான், மற்றபடி அடித்தகட்டுத் துளையில் சும்மா மாட்டியிருக்கும். இனி டிரம்மைத் தூக்கி வெளியே எடுக்கலாம். பிறகுதான் ரோலர் கண்ணில் படும்.

பழகாத கைக்கு இதற்கே ஒன்றரை மணி நேரம் போகும். ஆள் கூப்பிட்டால், இடது ரோலருக்கு வந்தாலும் வலது ரோலருக்கு வந்தாலும் கூலி ஒன்றுதான்.

இப்போது கணக்கு. 45 நிமிடம் ஓடும் ஒரு சுமைக்கு டிரம் 2,250 சுற்று. ரோலர் சுமார் 20,000 சுற்று. வாரத்துக்கு ஐந்து சுமை என்றால் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேல். இடது ரோலர் எத்தனை சுற்றியதோ வலது ரோலரும் கிட்டத்தட்ட அத்தனைதான் சுற்றியிருக்கும். ஐட்லர் ரோலரைவிடச் சிறியது, ஆகவே அதைவிட வேகமாகச் சுற்றியிருக்கும். பெல்ட் இவை எல்லாவற்றோடும் சேர்ந்து சூட்டில் வெந்திருக்கும். ஒன்று போய்விட்டது என்றால் மற்றவை வரிசையில் நிற்கின்றன என்றுதான் அர்த்தம். பெரிய சத்தம் சின்னச் சத்தத்தை மூடி வைத்திருப்பதும் உண்டு: ரோலரை மாற்றி, எல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டால் இதுவரை கேட்காத ஐட்லர் கிறீச் இப்போது தெளிவாகக் கேட்கும். அந்தக் கணத்தில் மிச்சம் பிடித்த டாலர்களுக்கு மதிப்பே இருக்காது.

பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றினால், உட்பக்கத்தை வெளியே மடித்துப் பாருங்கள். வரிப்பள்ளங்களில் குறுக்கு வெடிப்பும் ஓரத்தில் நூல் பிரிவும் அங்கேதான் தெரியும். அறுந்தால் மோட்டார் ஓடும், டிரம் நிற்கும், மறுபடி முதலில் இருந்து எல்லாம்.

அச்சைப் பார்க்காத செட் வீண்

செட் வாங்கியவர்களும் கோட்டை விடும் இடம் ரோலர் அச்சு. செட்டில் அச்சு வராது. பழைய ரோலரை உருவியதும் அச்சை ஒரு துணியால் துடைத்து நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயும் மாட்டாமல் வழுக்கினால் போதும். லேசான துருவோ கறையோ என்றால் 400 நம்பர் எமரித்தாளால் தேய்த்து, பொடியைச் சுத்தமாகத் துடைத்துவிடலாம். பள்ளம் விழுந்திருந்தால் அச்சையும் மாற்றியே ஆக வேண்டும். பள்ளம் விழுந்த அச்சில் புது ரோலர் சாய்ந்து ஓடி, சில மாதத்திலேயே புஷ் முட்டை வடிவத்துக்கு வந்துவிடும். அச்சு நட்டு போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அது அசையவில்லை என்று பலத்தைக் காட்டும் முன் ஒரு விஷயம்: இரண்டில் ஒரு பக்கத்து அச்சுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். தவறான பக்கம் திருகித் தகட்டையே முறுக்கியவர்கள் உண்டு.

முக்கோண கிளிப் பழசைத் திரும்பப் போடாதீர்கள். நெம்பி எடுக்கும்போதே அது வெளுத்து வெடித்திருக்கும். புது ரோலர் போட்டதும் அது விரலால் தட்டினால் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் மயிரிழை ஆட வேண்டும். அச்சில் ஒரு சொட்டு, ஒரே சொட்டு, டர்பைன் எண்ணெய் போதும். ரப்பரில் பட்டால் துடைத்துவிடுங்கள்.

டிரம் வெளியே இருக்கும் அந்த நேரத்தில் மோட்டார் தண்டைக் கையால் சுற்றி, மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். மணல் அரைபடுவது போல் இருந்தால் மோட்டார் பேரிங் போய்விட்டது. செட் போட்டாலும் உறுமல் நிற்காது. தண்டைப் பிடித்துக்கொண்டு புளோயர் விசிறியைத் தனியாகத் திருப்ப முடிந்தால் விசிறி மாற்ற வேண்டும். அதிலும் சில மாடல்களில் இடக்கை மரை.

பெட்டிக்குள் வேக்குவம் கிளீனர் போட இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கில், வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீ விபத்துகள் என்றும், அவற்றுக்கு முதன்மைக் காரணம் சுத்தம் செய்யாமல் விடுவது என்றும் சொன்னது. வடிகட்டிக்குத் தப்பிய பிசிறு டிரம்முக்கு அடியிலும் சூடேற்றும் பெட்டியின் பக்கத்திலும் குவிந்திருக்கும். டிரம்மைத் தூக்காமல் குழாயை நீட்டினால் பாதிதான் எட்டும்.

ஒரிஜினலா, மலிவுச் செட்டா

இது செட்டுக்குள் ஒரு சின்னப் போட்டி. இணையத்தில் கிடைக்கும் மற்ற கம்பெனிச் செட்டுகள் பெரும்பாலும் ஒரிஜினலின் பாதி விலைக்கும் கீழே. எத்தனை ஆண்டு தாங்கும் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது நியாயமில்லை. ஒரே படத்தைப் போட்டு விற்றாலும் உள்ளே வருவது வேறு வேறு ஆலைச் சரக்கு. வந்ததும் ரோலரை அச்சில் மாட்டிப் பாருங்கள். தாளம் போடுகிற அளவு தொளதொளப்பாக இருந்தாலோ, ரப்பரை நகத்தால் நெம்பினால் சக்கரத்தில் இருந்து பிரிந்தாலோ திருப்பி அனுப்புங்கள். பெல்ட்டைப் பழையதோடு சேர்த்துத் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். 341241 என்ற பெல்ட் 92¼ அங்குலம் நீளம், கால் அங்குலம் அகலம். பழையது கொஞ்சம் நீண்டிருக்கும், புதியது அதைவிட நீளமாக இருக்கக் கூடாது. கைக்காசு குறைவு என்றால் பெல்ட்டை மலிவாக வாங்கி, ரோலரை மட்டுமாவது ஒரிஜினலாக வாங்குங்கள். தேய்மானம் முழுக்க அந்தப் புஷ்ஷில்தான்.

ஒற்றைப் பாகம் ஜெயிக்கும் இடங்கள்

மூன்று நான்கு வயதுகூட ஆகாத மெஷினில் ஐட்லர் மட்டும் கத்தினால் ஐட்லரை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. அடியில் தனியாகக் கழற்றக்கூடிய தகடு உள்ள மாடல்களில் டிரம்மைத் தொடாமலே ஐட்லருக்குப் போகலாம், அங்கேயும் செட் வாதம் வலுவிழக்கும். வீடு மாறப்போகிறீர்கள், மெஷினை விட்டுவிட்டுப் போகப்போகிறீர்கள் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஜிஇ, ஃப்ரிஜிடேர் மெஷின்கள் பலவற்றில் பின்பக்கம் ரோலரே கிடையாது. டிரம்மின் நடுத்தண்டு ஒரு பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், முன்பக்கம் பிளாஸ்டிக் பட்டையில் வழுக்கும். ஃப்ரிஜிடேருக்கு அந்தப் பின் பேரிங் தனிச் செட்டாகவே வருகிறது, எண் 5303281153. அதோடு முன்பட்டையையும் சேர்த்து மாற்றுவதுதான் அங்கே 'செட்'. சாம்சங் மாடல்கள் பலவற்றில் முன்னே இரண்டு பின்னே இரண்டு என நான்கு ரோலர் இருப்பதால் தனித்தனியாக மாற்றுவது இன்னும் பெரிய தலைவலி.

புது மெஷின்? டிரம் வெடித்திருந்தால், அல்லது மோட்டாரோடு சேர்த்து இன்னொரு பெரிய பாகமும் போயிருந்தால் மட்டும். தேய்ந்த ரப்பருக்காகப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டியதில்லை.

பூட்டும்போது பெல்ட்டின் வரிப்பள்ளம் டிரம்மைப் பார்த்து இருக்கட்டும். மேல்தகட்டை மூடும் முன் டிரம்மைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெல்ட் முறுக்கில்லாமல் ஓடுகிறதா, முன் ஃபெல்ட் எங்கேயும் உள்ளே மடங்கவில்லையா என்று பாருங்கள். மடங்கிய ஃபெல்ட் புதுச் சத்தம் போடும், துணியையும் பிடிக்கும். பிறகு சூடில்லாத காற்று நிலையில் காலியாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புது ரப்பர் வாசம் வரும். அது ஓரிரு சுமைக்கு இருக்கும் என்பதால் முதல் சுமையாகப் பழைய துண்டுகளைப் போடுவது நல்லது.