14:31-க்கு ஒரு பெயர் வைத்துப் பார்த்தேன்

போன வாரம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிது போட்டு, பாட்டுகளையெல்லாம் சிடியிலிருந்து மறுபடி ஏற்றும்போது பழைய எரிச்சலும் கூடவே வந்தது. அன்றைக்கே ஒரு நண்பர் கேட்டார்: “குளோபல் கம்யூனிகேஷன் ஆல்பத்தில் எதை முதலில் கேட்கலாம்?” சட்டென்று சொல்ல வாயில் ஒரு பெயரும் வரவில்லை. இருந்தால்தானே வரும்?

இங்கிலாந்தின் டாம் மிடில்டனும் மார்க் பிரிட்சார்டும் குளோபல் கம்யூனிகேஷன் என்ற பெயரில் 1994-இல் வெளியிட்ட ஆல்பம் இது. பெயர் 76:14, அதாவது மொத்தம் ஓடும் நேரம். உள்ளே இருக்கும் பத்து டிராக்குக்கும் அப்படியே, அதனதன் நேரமே பெயர்: 4:02, 14:31, 9:25, 9:39... பெயர் வைத்தால் கேட்பவர் மனதில் நாமே ஒரு படத்தை ஒட்டிவிடுவோம், அதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

நல்ல எண்ணம்தான். ஆனால் பதினோரு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை என் கணினி ஏற்காது. 14:31 என்பது 14_31 ஆகிவிடும். பிளேயர் எழுத்து வரிசையில் அடுக்கினால் ஆறாவதாக வர வேண்டிய 0:54 முதலில் நிற்கும், கடைசியில் வர வேண்டிய 12:18 அதன் பின்னாலேயே வந்துவிடும். எனக்குப் பிடித்தது 7:39-ஆ 9:39-ஆ என்று இன்னமும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. (பத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன், 76:12 வந்தது. துண்டு நொடிகள் சேர்ந்து அந்த இரண்டு நொடி ஆகியிருக்கும்.)

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. படம் வேண்டாம் என்று எண்ணைப் போட்டார்கள், அந்த எண்ணே ஒரு கடிகாரப் படம். அதிலும் 14:31-இன் தாளமே கடிகாரத்தின் டிக் டிக் சத்தம்தான். மேலே சிந்தசைசர் ஒலி மெல்லப் பரவும்போது கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். நானோ இன்னும் எத்தனை நிமிடம் என்று திரையைப் பார்க்கிறேன்.

அதனால் இந்த முறை, கோபத்தில், 14_31-ஐ அழித்துவிட்டு ‘ஊஞ்சல்’ என்று நானே பெயர் போட்டேன். அன்று இரவு கேட்டால், கடிகாரம் காணாமல் போய்விட்டது. சங்கிலி கிறீச்சிடுகிறது, பலகை முன்னும் பின்னும் போகிறது, வேறு எதுவுமே இல்லை. இத்தனை வருடம் ஒரு நாள் மழையாகவும் ஒரு நாள் காத்திருப்பு அறையாகவும் வந்த இசை, நான்கு நாள் வெறும் ஊஞ்சலாகவே இருந்தது. ஐந்தாம் நாள் பழையபடி 14_31 என்று மாற்றிவிட்டேன். ஊஞ்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆக, அவர்கள் சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன். தாளமே இல்லாமல் கோரஸ் குரல்கள் போல எழும்பும் 12:18-க்கு நானும் பெயர் வைக்க மாட்டேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவே சிடியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் இன்றைக்கு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றுதான். கோப்புகளை வரிசைப்படுத்தவே ஒரு மாலை போனது, வேறெந்த ஆல்பமும் எனக்கு அந்த வேலை வைத்ததில்லை.

நண்பருக்கு, “இரண்டாவது டிராக், போனைக் கவிழ்த்து வை” என்று மட்டும் எழுதி அனுப்பினேன். ஊஞ்சலைப் பற்றி மூச்சு விடவில்லை.