மின்மூலத்தை வகைப்படுத்துவதில் லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்து தரும் சிறு கடையொன்றில் யூபிஎஸ்ஸில் ஓடும் கணினி, மடிக்கணினி, கைபேசி ஆகிய மூன்றும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து மின்சாரம் எடுத்தாலும், அந்த மூலத்தை மூன்று இயங்குதளங்களும் மூன்று விதமாகவே பார்க்கின்றன.

லினக்ஸ் கேட்பது, இது என்ன சாதனம் என்பதை. மின்மூலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைவு (ஃபோல்டர்) உண்டு. அதிலுள்ள ‘டைப்’ என்ற கோப்பில் பேட்டரி, யூபிஎஸ், மெயின்ஸ் (சுவர் மின்சாரம்), யூஎஸ்பி, வயர்லெஸ் என்பன போன்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். சார்ஜரின் உள்வகைகளையும் இதே பட்டியலில் சேர்த்திருந்ததால், ஒரே யூஎஸ்பி துளையின் வகை, செருகும் சார்ஜருக்கேற்ப மாறும் குழப்பம் நேர்ந்தது. 2018இல் அதற்கெனத் தனிக் கோப்பு வந்தது. அதில் சாத்தியமான வகைகள் வரிசையாக இருக்க, நடப்பிலுள்ளது மட்டும் சதுர அடைப்புக்குள் நிற்கும். கணினியின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் வரைதான் தரும், தனிச் சார்ஜரோ 1.5 ஆம்பியர் வரை தரும் என்பதால் இந்தப் பிரிவு வெறும் சம்பிரதாயம் அன்று. வயர்லெஸ் மவுஸின் பேட்டரியும் இங்கே ‘பேட்டரி’ என்றே பதிவாகும். அது கணினிக்குரியதா, துணைக்கருவிக்குரியதா என்பதை ‘ஸ்கோப்’ என்ற மற்றொரு கோப்பு சொல்லும். அதைப் பார்க்காத மென்பொருள், மவுஸ் சார்ஜ் குறைந்தால் கணினியே அணையப் போகிறது என்று பதறும்.

விண்டோஸுக்குச் சாதனம் இரண்டாம்பட்சம், நிலைமையே முதன்மை. அதை ஓர் எண்ணால் குறிக்கும்: மின்னிணைப்பு இல்லையென்றால் 0, இருந்தால் 1, தெரியாவிட்டால் 255. இதற்கு அப்பால், ஏசி (சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரம்), பேட்டரி என்பவற்றோடு, யூபிஎஸ் போன்ற குறுகிய நேர மூலம் என்று மூன்றாவது நிலையையும் அது வரையறுத்திருக்கிறது. பயன்பாட்டு நிரல் எழுதுபவருக்கு இதுவே மேலானது என்பது என் கணிப்பு: இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதானே அவருக்கு வேண்டியது?

ஆண்ட்ராய்டின் பட்டியல் சிறியது. ஏசி 1, யூஎஸ்பி 2, வயர்லெஸ் 4, டாக் (கைபேசியைப் பொருத்தி வைக்கும் தாங்கி) 8. எதுவும் செருகப்படவில்லை என்றால் 0. கைபேசிக்கு அது போதும்.

மூன்றுமே ஏமாறும் இடம் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் அது தரும் ஏசியை, தகவல் சொல்லும் கம்பி இல்லாததால், லினக்ஸ் ‘மெயின்ஸ்’ என்றும் விண்டோஸ் 1 என்றும் குறித்துக்கொள்ளும். மின்னிணைப்பு இருக்கும்போது மட்டும் நடக்க வேண்டிய பராமரிப்பு வேலைகளை மடிக்கணினி அந்நேரத்திலும் தயங்காமல் தொடங்கிவிடும். யூஎஸ்பி கேபிள் செருகாத யூபிஎஸ்ஸும் இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியாததே. ஆகவே அக்கடைக்கு யூபிஎஸ் வாங்குபவர் விஏ அளவோடு (எவ்வளவு சுமை தாங்கும் என்பதோடு) பின்பக்கத்தில் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; அது இல்லாவிட்டால் இந்த வகைப்பாடுகள் எதுவும் அந்தக் கணினிக்கு உதவாது.