முனை வீட்டுக்குக் குயினியா, பாச்சாங்கா, பிஞ்சாயா?

சுங்கை சிப்புட் பக்கம் மாமரம் வைத்த யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "பூவெல்லாம் கொட்டிப்போகுது, காய் நிக்கல." காரணம் ஊரறிந்தது. மா நன்றாகப் பூத்துக் காய் பிடிக்க, விடாமல் சில வாரமாவது காய்ந்த வெயில் வேண்டும். வடக்கே பெர்லிஸ் மாநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் அது கிடைக்கிறது. ஹருமானிஸ் மா அங்கே அப்படிக் காய்ப்பது அதனால்தான். நம் பேராக்கில் சாயங்காலமானால் மழை. பூங்கொத்து நனைந்து, பூஞ்சணம் பிடித்து, கருகி உதிர்ந்துவிடும். விடாமல் மருந்தடித்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேலைக்கு ஆளில்லை. அதனால் எங்கள் முனை வீட்டுக்குப் பக்கவாட்டில் சும்மா கிடந்த நிலத்துக்கு, மாவை விட்டுவிட்டு அதன் பங்காளிகளைப் பார்த்தேன்.

மா வகையறாவில் ஏறக்குறைய 70 இனங்கள் இருக்கின்றன. அவற்றில் நிறைய, நம் தீபகற்பத்துக் காடுகளுக்கும் போர்னியோவுக்கும் சொந்தமானவை. ஆனால் வீட்டில் வைப்பது என்று வந்தால் பேச்சு மூன்றில்தான் நிற்கும்: குயினி, பாச்சாங், பிஞ்சாய். மழைக்கு மா அளவுக்கு இவை அசருவதில்லை. நான் வைத்தது குயினி. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ருசியை வைத்து முடிவெடுக்கப் போனால் சண்டைதான் வரும். குயினி இனிப்பு, நார், வீடு முழுக்க மணம். பாச்சாங் பழுத்தால் டர்பன்டைன் வாடையோடு ஒரு முரட்டு இனிப்பு. காயாக இருக்கும்போதுதான் அதற்கு மரியாதை. தோலைத் தடிமனாகச் சீவி, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் நன்றாக அலசி, கெம்போங் மீன் குழம்பில் புளிக்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள், அப்புறம் புளியைத் தேட மாட்டீர்கள். பிஞ்சாய்க்கு வெள்ளைச் சதை, நிறைய சாறு, நல்ல புளிப்பு. மிளகாயும் பெலச்சான் என்கிற இறால் விழுதும் சேர்த்து இடித்த சம்பாலுக்கு அதை விட்டால் வேறில்லை என்பது பக்கத்து வீட்டு மக்சிக்கின் கட்சி. நான் மறுத்துப் பேசுவதில்லை.

சரி, எதை வைத்து முடிவெடுத்தேன்? மரத்தில் வடியும் பாலை வைத்துத்தான்.

பாச்சாங், பிஞ்சாய் இரண்டும் காட்டு உயரம். 30 மீட்டரைத் தொடுவது அவற்றுக்குப் பெரிய காரியமில்லை. குயினி பெரும்பாலும் 10 முதல் 15 மீட்டருக்குள் அடங்கும். "வளர்ந்தா வெட்டிவிட்டாப் போச்சு" என்று சுலபமாகச் சொல்வார்கள். தாமான் குடியிருப்பு வீட்டில் ஒரு பக்கம் மின்கம்பி, இன்னொரு பக்கம் அடுத்தவர் கூரை. ஆண்டுதோறும் கவாத்து செய்யாமல் முடியாது. கவாத்து என்றாலே பால்தான். ரப்பர் சீவி வளர்ந்த ஊர் இது, பால் என்றால் யாருக்கும் பயம் கிடையாது. ஆனால் ரப்பர் பால் சட்டையைக் கெடுக்கும், இது தோலைக் கெடுக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், சேங்கொட்டை, நம் ஆற்றோர ரெங்காஸ் மரம் எல்லாம் இதே குடும்பம், சொன்னால் புரிந்துகொள்வீர்கள். பட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பெடுத்து, சிவந்து, கொப்புளம் போடும். முதல் தடவை ஒன்றும் செய்யாத ஆளுக்கு அடுத்த தடவை வரலாம் என்பதுதான் இதில் மோசம். "எனக்கு ஒன்னும் ஆகாது" என்கிற தைரியத்துக்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றிலும் பிஞ்சாய்ப் பால்தான் ரொம்பப் பொல்லாதது. பாச்சாங் அதற்கு அடுத்தபடி. பிஞ்சுக்காயின் காம்பைக் கிள்ளினால் சுள்ளென்று பீய்ச்சும், முகத்தை அருகே வைத்துக்கொண்டு பறிக்கக் கூடாது. எங்கள் பக்கம் மரம் வெட்ட வரும் அண்ணன் எந்த மரத்துக்கும் ஏறிவிடுவார். பிஞ்சாய் என்றால் மட்டும் முதலில் கூலியை ஏற்றுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

குயினியிலும் பால் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. மாவும் பாச்சாங்கும் கலந்து பிறந்ததுதான் குயினி என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. குணமும் ஏறக்குறைய நடுவில்தான் நிற்கிறது. காய்ப்பு முடிந்ததும் நீளக்கை சட்டை, கையுறை, மணிக்கட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் என்று நானே ஏணி வைத்துத் தலைக்கிளையை எடுத்துவிடுகிறேன். ஆள் பிடிக்க வேண்டியதில்லை. பழத்தைச் சாப்பிடும்போதும் கொஞ்சம் கவனம் தேவை. மாம்பழத்துக்குச் சீவுவதைவிடத் தடிமனாகச் சீவ வேண்டும். காரம் தோலில்தான் இருக்கிறது. நாக்கு அரிக்கும் என்று பயப்படுகிறவர்கள், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் மெல்லிசாகக் கரைத்து, தெளிந்த நீரில் துண்டுகளைக் கொஞ்ச நேரம் போட்டு எடுப்பார்கள். இது பழைய வழக்கம், வேலை செய்கிறது.

குயினிக்கு இன்னொரு சௌகரியம். ஒரே கொட்டையிலிருந்து பல முளை வரும், பெரும்பாலானவை தாய் மரத்தின் அச்சு. ஆகவே நல்ல மரத்துப் பழம் கிடைத்தால் கொட்டையைப் புதைத்தாலே போதும், ருசி மாறுமோ என்ற கவலை அதிகமில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள், சீக்கிரம் காய்க்கும்.

குறையும் சொல்ல வேண்டுமே. பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும், மூக்கை நம்பித்தான் பறிக்க வேண்டும். நாள் தவறினால் உள்ளே புழு. பழ ஈக்குக் குயினி என்றால் கொள்ளைப் பிரியம். காய் முட்டை அளவு வந்ததும் காகிதப் பை கட்டிவிடுகிறேன். வாடை பிடிக்காதவர் வீட்டில் இருந்தால், பழம் வைக்கும் இடம் பெரிய பஞ்சாயத்தாகிவிடும். எங்கள் மரம் இன்னும் இளசு. முதிர்ந்த பிறகும் இதே உயரத்தில் அடங்குமா என்பதற்கு, தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் நிற்கிற பழைய மரங்களைப் பார்த்துத்தான் தெம்பாக இருக்கிறேன்.

நிலம் தாராளமாக இருந்தால் கதையே வேறு. டூசுன், அதாவது பழத்தோப்பு, இருக்கிறவர் பாச்சாங் வைக்கலாம், அங்கே கத்தி வைக்க வேண்டிய அவசியமே வராது. பழம் தானாக விழும், பொறுக்கிக்கொள்ளலாம். ஆற்றோரத்தில் தண்ணீர் ஏறி இறங்கும் நிலமாக இருந்தால் பிஞ்சாய்தான் சரி, வெள்ளத்தை அது தாங்கும். ஊதா கலந்த பூவோடு நிற்கும்போது அழகும் கூட.

சபாக்காரர்களின் பம்பாங்கான் என்கிற இன்னொரு மா இனத்தை நான் வளர்த்ததில்லை. விதையைத் துருவி உப்போடு சேர்த்துப் போட்ட அதன் ஊறுகாயைச் சாப்பிட்டதோடு சரி. நல்ல ஊறுகாய். ஆனால் அது தேங்காய் அளவுப் பழம், கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே தொங்குவதை யோசித்தால் தூக்கம் வராது.

இடம் இன்னும் குறுகலாக இருந்தால் குண்டாங்கை யோசிக்கலாம். மா பேரினம் இல்லை, ஒன்றுவிட்ட உறவு. மெதுவாக வளரும், கோழிமுட்டையைவிடச் சின்னப் பழம், உள்ளே பருப்பு ஊதா நிறம். இளந்தளிரைச் சம்பாலில் தொட்டு அப்படியே சாப்பிடலாம். புளிப்பு வகை, இனிப்பு வகை இரண்டும் உண்டு என்பதால் கன்று வாங்குமுன் தாய் மரத்துப் பழத்தை ஒரு கடி கடித்துப் பார்த்துவிடுங்கள்.