ஐதரசனா, கரு இணைவா? உப்புக்காற்றுப் பக்கத்துக் கணக்கு

முதுமாணி ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கிற நேரத்தில் ஐதரசனுக்கும் அணுக்கரு இணைவுக்கும் (இலேசான அணுக்கருக்களைச் சேர்த்துச் சக்தி எடுப்பது) நடுவில் கொஞ்சக் காலம் தடுமாறி, கடைசியில் ஐதரசனை எடுத்தவன் நான். உயர்தரப் பௌதிகம் படிக்கிற பிள்ளைகள் "சேர், எதுக்கு எதிர்காலம் இருக்கு?" என்று கேட்டால் இப்பவும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம்.

இணைவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பௌதிகம் சரி, இயந்திரம்தான் இன்னும் இல்லை. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் 2.05 மெகாயூல் லேசர் ஒளி கொடுத்து இணைவிலிருந்து 3.15 மெகாயூல் எடுத்தார்கள். உலகமே கொண்டாடியது. அந்த லேசர்களை இயக்க மின்வலையிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 300 மெகாயூல். இங்கிலாந்தின் ஜெட் உலை 2023இல், மூடப்போகும் தறுவாயில், 69 மெகாயூல் என்று சாதனை வைத்தது. நம் கரண்ட் பில் கணக்கில் அது 19 யுனிட். பிரான்சில் கட்டுகிற பன்னாட்டு இணைவு உலையான இட்டர், 2024இல் திருத்திய அட்டவணைப்படி, ஐதரசனின் கனத்த வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்த்து எரிக்கத் தொடங்குவது 2039இல். அப்போதும் அது மின்சாரம் தராது, பரிசோதனைதான்.

ஐதரசனின் குறை எல்லோருக்கும் தெரிந்தது: அது ஒரு சக்தி மூலமே அல்ல. மின்சாரம் கொடுத்துத்தான் அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்கவேண்டும். ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யுனிட் போகும். ஐதரசனை மின்சாரமாக மாற்றும் எரிபொருட் கலத்தில் விட்டுத் திரும்ப எடுத்தால் 15, 18 யுனிட் கிடைக்கும். வீட்டுக் கூரையில் சோலார் போட்டவர் இரவு வெளிச்சத்துக்கு லித்தியம் பற்றரி வாங்குவதே புத்தி. இதில் எனக்கு வாதமே இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மட்டக்களப்புக் கல்லடியில் ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. சோலார் சட்டம் அலுமினியமாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கிற ஆணி இரண்டு மழைக்குள் செம்மண் நிறமாகிவிடும். உப்பிலுள்ள குளோரைட்டு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் 2022 நவம்பரில் இட்டர் அறிவித்த செய்தியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெப்பக் கவசத்தின் குளிரூட்டும் குழாய்களில் வெடிப்பு. வெள்ளி முலாம் பூசுமுன் மேற்பரப்பைத் தயார்செய்தபோது தங்கிவிட்ட குளோரீன் எச்சம்தான் காரணம். மொத்தக் குழாய் நீளம் 23 கிலோமீற்றர். ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டுகிற இயந்திரமே அதைத் திருத்த வருடக்கணக்கில் மினக்கெட வேண்டியதாயிற்று. இவ்வளவும் உலை பற்றவைக்க முதல். பற்றவைத்த பிறகு 14 மெகா இலத்திரன்வோல்ற்று நியூத்திரன்கள் உட்சுவரை மோதி மோதி நொறுங்கும் தன்மையாக்கும், கதிர்த்தொழிற்பாடும் ஏற்றும். பிறகு மனிதக் கை உள்ளே போகமுடியாது. ஒவ்வொரு ஓட்டையும் ரோபோ வேலைதான்.

ஐதரசனின் நோய்கள் வேறு மாதிரி. ஆய்வுகூடத்தில் நாங்கள் வைத்திருந்தது இரண்டு நிக்கல் வலையும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலும் உள்ள, தண்ணீரைப் பிரிக்கும் சின்னக் கலம். வாயு கசிகிறதா என்று பார்க்கச் சவர்க்கார நுரை பூசுவோம். குழாய்க் கழுத்தில் ஒரு குமிழி மெல்ல வீங்கினால் அங்கே றப்பர் வளையம் போய்விட்டது. மாற்ற அரை மணித்தியாலம் போதும். கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் காபனேற்றாகிப் பழுதாகும். காத்தான்குடிப் பக்கம் உப்புக் கலந்த கிணற்று நீரை அப்படியே விட்டு மின் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரீன் மணம் எழும், ஆகவே நீரைச் சுத்திகரித்தே விடவேண்டும். எல்லாம் தொல்லைதான். ஆனால் தொழில்நுட்பக் கல்லூரி முடித்த ஒரு பொடியன் பார்த்துத் திருத்தக்கூடிய தொல்லை. மெகாவாற்று அளவுப் பெரிய கலங்களில் நான் கைவைத்ததில்லை. அங்கே வெயிலோடு ஏறி இறங்கும் மின்சாரம் மின்வாய்களைச் சீக்கிரம் தேய்க்கும் என்பது வாசித்தறிந்தது.

திரும்ப மின்சாரமாக்குவது நட்டமென்றால் ஐதரசனை என்ன செய்வது? அம்பாறை வயல்களைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குள் போகும் அமோனியாவுக்கு ஏறத்தாழ 5 கிலோ ஐதரசன் வேண்டும். இன்று உலகம் அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறது. தண்ணீரிலிருந்து எடுத்தால் மூட்டைக்கு 260 யுனிட் சொச்சம். அதைப் பகல் வெயிலில் எடுக்கலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை விழுந்த நேரம், கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டதே, அந்தமாதிரி வீணாகும் மின்சாரம்தான் இதற்குப் பொருத்தம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த போகத்தில் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் போடிமார் (வயற்சொந்தக்காரர்) பட்ட பாட்டை மறக்காதவர்கள், உள்ளூரில் யூரியா என்றால் காது கொடுப்பார்கள்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. அமோனியா ஆக்க 150 வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம் கேட்கும் தொழிற்சாலை தேவை. கலம் மட்டும் போதாது. ஆண்டு முழுக்க ஓடாத கலத்துக்குப் போட்ட காசும் மூட்டை விலையில் ஏறும். வாடைக் காலத்தில் நாலைந்து நாள் வெயிலே எட்டிப்பார்க்காது. யூரியாவாக்க மூட்டைக்கு 37 கிலோ அளவில் காபனீரொட்சைட்டும் வேண்டும். அதை உமி எரிக்கிற அரிசி ஆலைப் புகைபோக்கியிலிருந்து பிடிக்கலாம் என்பது என் யோசனை. புகையைக் கழுவிச் சுத்தமாக்கும் செலவை இன்னும் யாரோடும் உட்கார்ந்து பார்க்கவில்லை.