அறுபதுக்குப் பிறகு மேக்கா, விண்டோஸா? மட்டக்களப்பில் இருந்து பார்த்தால்

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 ஆம் திகதியோடு நின்றுவிட்டன. வீட்டுப் பாவனையாளர்கள் தனியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை தவணை உண்டு. அதற்கு மேல் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், கோயில் நிர்வாகசபைச் செயலாளர்கள் என்று நம் பக்கத்தில் ஒரே கணினியை வருடக்கணக்காக வைத்திருந்த பலர் இதனால் யோசனையில் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து லண்டனில் இருக்கும் மகளோ டொரொன்டோவில் இருக்கும் மகனோ, "அப்பா, அந்தப் பெட்டியை விடுங்கோ, நான் ஒரு மேக் அனுப்பிவிடுறன்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அனுப்பச் சொல்லலாமா? என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். தமிழில் நிறையத் தட்டச்சு செய்கிறவர், அதுவும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் விரல் பழகியவர் என்றால் விண்டோஸ் 11 ஓடும் ஒரு லெப்டொப்பை வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கலாம். வாட்ஸ்அப், யூடியூப், படங்கள், மின்னஞ்சல், கொஞ்சம் எழுத்து என்று இருப்பவருக்கு ஆப்பிளின் மேக் கணினி நல்ல மாற்றம். ஆனால் மேக் தெரிந்த ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விரல்கள் எதில் பழகின?

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது தமிழ்த் தட்டச்சு. வெளிநாட்டு அலசல்களில் இது வராது. நமக்கு இதுதான் அன்றாடம். முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலைப் பழைய மாணவர் சங்கக் கடிதம், பரம்பரை வரலாறு என்று ஓய்வுபெற்றவர்கள் எழுதிக் குவிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பழகியது பாமினி. அது யுனிகோட், அதாவது எல்லாக் கணினியிலும் போனிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறை, வருவதற்கு முந்திய எழுத்துரு. கணினியின் கணக்கில் அந்தக் கோப்பில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு.

இதனால் ஒரு விளைவு. பாமினியில் அடித்த கோப்பை மேக்கில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கூளமாகக் கிடக்கும். பார்த்தவுடன் கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பாமினி எழுத்துருவை மேக்கிலும் நிறுவிக்கொள்ளலாம், அப்போது தமிழ் திரும்பி வரும். பாமினியை யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசப் பக்கங்களும் இணையத்தில் உண்டு. ஆக, பழைய கோப்புகளைக் காப்பாற்றுவது பெரிய பாடில்லை. கஷ்டம் புதிதாக எழுதும்போதுதான்.

மேக்கில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. எதையும் இறக்க வேண்டாம், அமைப்புகளில் போய்ச் சேர்த்தால் போதும். அஞ்சல் என்பது ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறை. போனில் 'அம்மா' என்று ஒலிப்படி அடித்துப் பழகியவருக்கு அது உடனே கைக்கு வரும். மேக்கின் தமிழ் உள்ளீடு துப்புரவாக வேலை செய்கிறது என்பதை மனதாரச் சொல்வேன்.

ஆனால் பாமினி விசை ஒழுங்கு அதில் இல்லை. அரச அலுவலகங்களில் இரெங்கநாதன் விசைப்பலகை முறையில் பழகியவருக்கும் இதே நிலைதான். அவர்கள் வேறு மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டும். விண்டோஸில் பாமினி ஒழுங்கிலேயே அடித்து யுனிகோட் பெற என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் பல வருடமாகவே உண்டு. அவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, மேக்கில் ஓடா. இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டு அடித்த விரல்களை அறுபத்தைந்தில் வேறு ஒழுங்குக்கு மாற்றச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எழுதும் ஆசையே குறைந்துவிடும். அந்த ஆசை ஒரு லெப்டொப்பை விடப் பெரியது.

பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் மலர் கட்டுகிறவர்களுக்கு இன்னும் தெளிவு. அந்த மென்பொருள் 1985 இல் பிறந்ததே மேக்கில்தான், ஆனாலும் இன்றைய மேக்குகளில் ஓடாது. மைக்ரோசொஃப்ட் பப்ளிஷரும் அக்சஸும் மேக்கில் வந்ததே இல்லை. வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் இருக்கின்றன. காசு கொடுக்க விருப்பமில்லாதவருக்கு லிப்ரேஒஃபிஸ் இரண்டு பக்கமும் இலவசம்.

விரல் வலி, கை நடுக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும். கூகுள் டொக்ஸில் குரோம் வழியாகத் தமிழில் பேசியே எழுதலாம். மொழிப் பட்டியலில் இலங்கைத் தமிழ் தனியாகவே இருக்கிறது. மேக்கிலும் சரி விண்டோஸிலும் சரி, ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். மட்டக்களப்புப் பேச்சில் பேசினால் சில சொற்களைத் தவறாகப் பிடிக்கும். கொஞ்சம் எழுத்து வழக்காகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது.

கண்ணுக்கு எது இதம்

மேக்புக் எயரின் திரை 13 அங்குலத்தில் 2560 புள்ளி அகலம் கொண்டது. அந்தத் திரையில் தமிழைப் பார்த்தால் அச்சடித்த தாளைப் பார்ப்பது போல இருக்கும். ணகரம், னகரம் வேறுபாடும் மெய்யெழுத்தின் புள்ளியும் தெளிவாகத் தெரியும். கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதையே வைத்துக்கொண்டு, திரை இல்லாத பெட்டியான மேக் மினியை வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய மொனிட்டரில் பொருத்தினால் கதை மாறும். 2018 இல் ஆப்பிள் தன் எழுத்து மென்மையாக்கும் முறையை மாற்றியது. அதற்குப் பிறகு புள்ளி அடர்த்தி குறைந்த மொனிட்டர்களில் மேக் எழுத்து கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிகிறது. அதே மொனிட்டரில் விண்டோஸின் கிளியர்டைப் என்ற எழுத்துக் காட்டும் முறை கூர்மையாகக் காட்டும். விலை குறைந்த பெட்டி என்று மினிக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல மொனிட்டர் ஒன்றின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க விண்டோஸ் 11 இல் ஒரே ஒரு நழுவி (ஸ்லைடர்) போதும், 225 சதவீதம் வரை போகும். மேக்கில் திரை முழுவதையும் பெரிதாக்கலாம். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு உருட்டினால் பார்க்கும் இடம் மட்டும் பெருக்கும்படியும் வைக்கலாம். அம்புக்குறி தொலைந்தால் மவுஸை வேகமாக ஆட்டினால் அது பெரிதாகித் தன்னைக் காட்டும். எழுத்து மட்டும் பெரிதாக வேண்டும் என்பவருக்கு விண்டோஸ் சுலபம் என்று நினைக்கிறேன்.

எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

விண்டோஸ் பக்கம் என்றால், உங்கள் பழைய இயந்திரம் விண்டோஸ் 11 ஐ ஏற்குமா என்று மைக்ரோசொஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் சிப் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஏற்காவிட்டால் பாவித்த அலுவலக லெப்டொப் ஒன்றைப் பாருங்கள். 2018 இல் வந்த திங்க்பேட் டி480 போன்றவை இன்றும் நல்ல வேலைக்காரர்கள். ரெம் கூட்டலாம், டிஸ்க் மாற்றலாம், பேட்டரி கழற்றலாம்.

மேக்கில் அது எதுவும் நடவாது. இன்றைய மேக்புக்கில் ரெம் பலகையோடு ஒட்டியே வருகிறது, வாங்கும் அன்று உள்ளதுதான் கடைசி வரைக்கும். அதனால் 16 ஜிபி உள்ளதாகப் பார்த்து எடுப்பது நல்லது.

இன்டெல் சிப் உள்ள பழைய மேக் வேண்டவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து "நல்லாத்தான் இருக்கு, அப்பாவுக்குக் கொடுப்பம்" என்று வந்து சேர்வது பெரும்பாலும் அதுதான். மேக்கின் இயங்குதளத்தில் 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. அதையும் ஒரு சில இன்டெல் மாடல்கள்தான் ஏற்கின்றன. விண்டோஸ் 10 கைவிட்டது என்று தப்பி வந்தவர் மறுபடியும் அதே இடத்தில் நிற்பார். 2020 நவம்பரில் வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 அல்லது அதற்குப் பிந்தியது உள்ளதாக இருக்கட்டும்.

பிள்ளைகள் தங்கள் பழைய மேக்கை அனுப்பினால், விமானம் ஏறுவதற்கு முன்பே அதிலிருந்து தங்கள் ஆப்பிள் கணக்கை நீக்கி, முழுதாக அழித்துவிட்டு அனுப்ப வேண்டும். நீக்காவிட்டால் ஆக்டிவேஷன் லொக், அதாவது அந்தக் கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் திறக்காத பூட்டு, விழும். மட்டக்களப்பில் எந்தக் கடைக்காரராலும் அதை முறையாகத் திறக்க முடியாது. வேலைத்தலத்தில் கொடுத்த மேக் என்றால் நிறுவனத்தின் கட்டுப்பாடு உள்ளே இருக்கலாம், அதையும் விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, விசைப்பலகை. பிரான்ஸில் வாங்கிய மேக்கில் 'ஏ'யும் 'கியூ'வும் இடம் மாறியிருக்கும். ஜெர்மனி, சுவிஸ் மேக்குகளில் 'வை'யும் 'இசட்'டும் மாறியிருக்கும். பாரிஸிலும் சூரிச்சிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! புதிதாக வாங்குவதென்றால் ஆப்பிளின் இணையக் கடையில் ஆங்கில விசைப்பலகையைத் தெரிவுசெய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்சாரம் பற்றிக் கவலை வேண்டாம், ஆப்பிள் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். செருகியை மட்டும் மாற்றினால் சரி.

2024 நவம்பரில் வந்த எம்4 மேக் மினி, வந்தபோது அமெரிக்காவில் 599 டொலரில் தொடங்கியது. கைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. ஆனால் அதில் பழைய அகல யூஎஸ்பி துளை ஒன்றுகூட இல்லை. உங்கள் பழைய கீபோர்ட், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றுக்கும் மாற்றி (அடெப்டர்) வேண்டும். பெட்டியோடு கீபோர்டும் மவுஸும் வராது. எம்1, எம்2 மினிகளில் அந்தத் துளை இரண்டு உண்டு.

கரண்ட், வெக்கை, உப்புக்காற்று

2022 இல் பல மணிநேரம் மின்வெட்டில் இருந்தவர்கள் நாம். மாரியில் இடி மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு இருக்கிற ஊர். இங்கே மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் கட்டாயம். எம்1 மேக்புக் எயருக்கு இணையம் பார்த்தால் 15 மணிநேரம் என்று ஆப்பிள் சொல்கிறது. பாவித்த விண்டோஸ் லெப்டொப்புகளில் பெரும்பாலானவை இதற்குக் கிட்ட வராது. எயரில் விசிறியும் இல்லை, அதனால் தூசியை உள்ளே இழுக்காது, சத்தமும் இல்லை. கல்லடியிலும் கல்முனையிலும் கடற்கரையை அண்டி இருப்பவர்கள் இதன் பெறுமதியை அறிவார்கள். இந்தப் பகுதியில் மேக்குக்கே என் வாக்கு.

பழுது வந்தால்

இங்கே தராசு மறுபக்கம் சாய்கிறது. இலங்கையில் ஆப்பிளின் சொந்தக் கடை கிடையாது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், மட்டக்களப்பில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். விண்டோஸ் லெப்டொப் என்றால் திருமலை வீதியிலோ காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ ஒரு தம்பி திறந்து பார்த்து, அன்றைக்கே கையில் தந்துவிடுவார். வயது போன நேரத்தில் இந்த வசதியைக் குறைவாக மதிப்பிடக்கூடாது.

அதே நேரம், பழுது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி பழுதே இல்லை. "அந்த ஜன்னல் எங்கே போனது", "எழுத்து ஏன் சின்னதாகிவிட்டது" என்பவைதான். அதற்குத் தேவை திரையைத் தூரத்தில் இருந்து பார்க்கக்கூடிய ஒரு ஆள். மகள் மேக் பாவிப்பவர் என்றால் மேக்கில் திரையைப் பகிர்ந்து உடனே காட்டித் தருவார். மகன் விண்டோஸ்காரர் என்றால் விண்டோஸில் குயிக் அசிஸ்ட் உண்டு. பிள்ளை எதைப் பாவிக்கிறாரோ அதை வாங்குங்கள் என்று நான் பலருக்கும் சொல்வது இதனால்தான். வீடியோ அழைப்புக்காக மட்டும் மேக் வாங்க வேண்டியதில்லை, வாட்ஸ்அப் இரண்டிலும் ஓடுகிறது.

முதல் மாதத் தடுமாற்றங்கள்

கொப்பி, பேஸ்ட் எல்லாம் கன்ட்ரோலில் இருந்து கமாண்ட் விசைக்கு மாறும். அமைப்புகளில் இரண்டையும் இடம் மாற்றி வைக்கலாம். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஜன்னல் மட்டும்தான் மூடும், செயலி ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த கமாண்டும் கியூவும். கோப்பை வெட்டி வேறு இடத்தில் ஒட்டும் வழக்கமும் வேறு: முதலில் கொப்பி, அப்புறம் ஒப்ஷன், கமாண்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். பக்கத்தை உருட்டும் திசை தலைகீழாகத் தோன்றினால் அதையும் அமைப்புகளில் திருப்பலாம்.

பழைய வெளி ஹார்ட் டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் இருந்தால் மேக் அதை வாசிக்கும், அதில் எழுதாது. உள்ளே இருப்பதை முதலில் மேக்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க்கை எக்ஸ்ஃபெட் என்ற பொது முறைக்கு மாற்றினால் இரண்டிலும் பாவிக்கலாம். போட்டோக்கொப்பிக் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போய் வைரஸோடு திரும்பி வரும் தொல்லை மேக்கில் பெரும்பாலும் இல்லை, அந்த வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. ஏமாற்று மின்னஞ்சலும் போலி வங்கிப் பக்கமும் இரண்டிலும் ஒன்றுதான். பிரிண்டர் பழையது என்றால் அந்த மாடலுக்கு மேக் டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டே மாறுங்கள். டிரைவர் இல்லாமலே மேக்கில் இருந்து அச்சிடும் ஏர்பிரிண்ட் வசதி உள்ள பிரிண்டர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

மேக் வந்து சேர்ந்ததும் பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இணையத்தைக் கழற்றிவிட்டு ஒரு மூலையில் வைத்திருங்கள். பேஜ்மேக்கரில் கட்டிய பழைய மலர் ஒன்றை மறுபதிப்புக்குக் கேட்டு அடுத்த திருவிழாவுக்கு முன் யாராவது வருவார்கள். அந்தக் கோப்பு அதில்தான் திறக்கும்.